கப்பல் மூழ்கி இரண்டு வருடம்

சுகிர்தம் ரீச்சர் பதினோராம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தது ஒரு சனிக்கிழமை காலை. பத்து மணியாகும்போது சிவப்புப் பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு, "கர்த்தரே" என்று கதிரையில் சாய்ந்தார். நாற்பத்தொரு தாள்கள். கையெழுத்து வேறு, மை வேறு, எழுத்துப்பிழைகள்கூட வேறு. விடை மட்டும் ஒன்று.

கேள்வியை அவரே போட்டிருந்தார். முதலாம் உலகப் போர் ஐரோப்பாவில் நடந்தது. கடலுக்கு அப்பால் இருந்த அமெரிக்கா அதில் ஏன் போய்ச் சேர்ந்தது? நெல்லியடிக்குக் கிழக்கே உள்ள அந்தப் பாடசாலையில் இருபத்தொன்பது வருடமாக வரலாறு படிப்பிக்கிறார். இந்தக் கேள்வி வரும்போதாவது பிள்ளைகள் கொஞ்சம் தலையைச் சொறிவார்கள் என்று வருடா வருடம் நம்புவார். வருடா வருடம் ஏமாறுவார்.

நாற்பத்தொரு பேரும் ஐந்து காரணம் எழுதியிருந்தார்கள். முதலாவது காரணம் இப்படி இருந்தது: "1915ஆம் ஆண்டு லூசித்தானியா என்ற பயணிகள் கப்பலை ஜேர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. அதில் அமெரிக்கர் பலர் இறந்தனர். இதனால் கோபமடைந்த அமெரிக்கா உடனடியாகப் போரில் குதித்தது."

உடனடியாக! அந்தச் சொல் ரீச்சரின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கப்பல் மூழ்கியது 1915 வைகாசியில். அமெரிக்கா போர் அறிவித்தது 1917 சித்திரையில். வகுப்பில் அவர் இரண்டு திகதியையும் கரும்பலகையில் எழுதி, நடுவில் நீளமாக ஒரு கோடு இழுத்து, "இவ்வளவு காலமும் அவை என்ன செய்துகொண்டிருந்தவை?" என்று கேட்டிருந்தார். பிள்ளைகள் கோட்டையும் கொப்பியில் பார்த்தெழுதினார்கள். அளவுகோல் வைத்து நேராகக் கீறினார்கள். பின்னேரம் நெல்லியடி ரியூசனுக்குப் போய் நிருஷன் சேரின் அச்சடித்த நோட்டை வாங்கிப் பாடமாக்கினார்கள்.

ரீச்சர் பேனையைத் திறந்தார். நாற்பத்தொரு பேருக்கும் பத்துக்கு இரண்டு போட்டார்.

அவருக்கு இந்த ஒரு கேள்வியில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று உடன் படிப்பிப்பவர்கள் கேட்பதுண்டு. "சும்மா ஒரு விசர்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார்.

1987 ஆனி மாதம் அவருக்குப் பத்தொன்பது வயது. வடமராட்சியில் சண்டை மூண்டிருந்ததால் குடும்பம் கோப்பாயில் சித்தி வீட்டுக்கு ஓடியிருந்தது. ஒரு பின்னேரம் இந்திய விமானங்கள் தாழப் பறந்து வந்து உணவுப் பொதிகளைப் போட்டன. சனம் றோட்டுக்கு ஓடிவந்து கைதட்டியது. சித்தி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு அழுதார். சுகிர்தத்தின் தகப்பன் தேவராஜா தபால் கந்தோரில் தந்தி அடிப்பவர். அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இனி இவை எப்பிடித் திரும்பிப் போறது?" என்று கேட்டார். நல்ல நேரத்தில் அபசகுனமாகக் கதைக்கிறார் என்று சித்தி ஏசினார்.

ஆடியில் இந்தியப் படை சமாதானம் காக்க வந்து இறங்கியது. ஐப்பசியில் அதே படை சண்டைக்குள் நின்றது. அப்போது அவர்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் தலைப்பில் காவல் நின்ற ஒரு சிப்பாய் தமிழன். தஞ்சாவூர்ப் பக்கம் என்றான். சுகிர்தம் அள்ளிக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாங்க எதுக்கு இங்க வந்திருக்கோம்னு உனக்குத் தெரியுமாம்மா? சமாதானம்னு சொல்லித்தான் ஏத்தி அனுப்பினாங்க. இப்ப யார்கூட சண்டை போடறோம்னே புரியல" என்றான். அவன் வம்புக்குக் கேட்கவில்லை. நிசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அடுத்த கிழமை ஒழுங்கையில் ஒரு ஷெல் விழுந்தது. யார் அடித்தது என்று இன்றுவரை தெரியாது. தேவராஜாவின் காது இரண்டும் போய்விட்டன. தந்தியின் 'கட் கட'வைக் கேட்டே சீவித்த மனிதர், மிச்சம் பதினொரு வருடமும் மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிறகு 2009. தங்கை ஜெயனி வன்னியில் வாழ்க்கைப்பட்டவள். சண்டை முடிந்து செட்டிகுளம் முகாமில் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் அவளைக் கண்டபோது பக்கத்தில் அவள் கணவன் இல்லை. ஜெயனி அழவில்லை. "அமெரிக்கன் கப்பல் வருமெண்டு சொன்னவை அக்கா. கட்டாயம் வருமாம். நாங்கள் ஒவ்வொரு நாளும் காலமை எழும்பிக் கடலைத்தான் பாத்தனாங்கள். இவர் சாகிற அண்டைக்கும் பாத்தவர்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு 'உடனடியாக' என்று யாராவது எழுதினால் சுகிர்தம் ரீச்சருக்குப் பொறுக்காது. பெரிய நாடு ஒன்று ஏன் வருகிறது, ஏன் வராமல் இருக்கிறது, வந்தால் ஏன் போக முடியாமல் நிற்கிறது என்பது அவருக்குப் பத்துப் புள்ளிக் கேள்வி இல்லை. ஆனால் இதையெல்லாம் வகுப்பில் சொல்லவா முடியும்?

திங்கட்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அதிபர் ஜெயரூபன் கூப்பிட்டு அனுப்பினார். ஆள் நல்லவர், பிரச்சினை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரீச்சர், நாப்பத்தொரு பேருக்கும் பத்துக்கு இரண்டோ? நேற்றுத் தொடக்கம் தாய் தகப்பன் ரெலிபோன் எடுத்தபடி."

"நாப்பத்தொரு பேரும் ஒரு ஆள்தானே சேர். அந்த ஒரு ஆளுக்குத்தான் நான் புள்ளி போட்டனான்."

"வலயக் கல்விக் கந்தோரிலை கேட்டால் நான் என்ன சொல்லுறது? வரலாற்றிலை எங்கடை பெறுபேறு இறங்கிப்போச்செண்டால்..."

"கப்பல் மூழ்கினது எப்ப, அமெரிக்கா போனது எப்ப எண்டு கூடத் தெரியாமல் எடுக்கிற பெறுபேறு என்னத்துக்கு சேர்?"

அதிபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஒருக்கா மறுசோதினை வையுங்கோவன்" என்றார். "எனக்காக."

அதற்கு முன் ரீச்சர் ஒரு காரியம் செய்தார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே நிருஷனிடம் போனார். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டில், இருநூறு பேர் நெருங்கி இருக்கும் வாங்குகள், மைக்கில் பாடம் நடந்துகொண்டிருந்தது. ரீச்சரைக் கண்டதும் நிருஷன் மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்தான். அவரிடம் படித்து, அவராலேயே பரீட்சையில் வரலாற்றுக்கு அதிசிறப்புச் சித்தி எடுத்தவன்.

"வாங்கோ ரீச்சர், இருங்கோ. தேத்தண்ணி சொல்லட்டே?"

"ஒண்டும் வேண்டாம். உம்மடை நோட்டிலை 'உடனடியாக' எண்டு கிடக்கு. கப்பல் மூழ்கினதுக்கும் சண்டைக்குப் போனதுக்கும் இடையிலை எவ்வளவு காலம்?"

"கிட்டத்தட்ட இரண்டு வருசம் ரீச்சர்."

"தெரிஞ்சுகொண்டோ எழுதினனீர்?"

நிருஷன் கழுத்தைத் தடவினான். "புள்ளித்திட்டத்திலை காரணம் ஒண்டுக்கு இரண்டு புள்ளி. இரண்டு வருசத்துக்குப் புள்ளி இல்லையே ரீச்சர்."

"நிருஷன், முழுக் கதையும் அந்த இரண்டு வருசத்துக்கைதான் கிடக்கு!" ரீச்சரின் குரல் உயர்ந்தது, முன் வாங்குப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "நாங்கள் ஒரு பக்கமும் இல்லை எண்டு சொல்லிக்கொண்டே ஒரு பக்கத்துக்குச் சாமான் வித்தவை. வெடிமருந்து வித்தவை, கோதுமை வித்தவை, வாங்கக் காசில்லாமல் போகக் கடனும் குடுத்தவை. அந்தப் பக்கம் தோத்தால் குடுத்த கடன் என்னாகிறது? உங்கடை பிள்ளையளைச் சண்டைக்கு அனுப்பேல்லை எண்டு சொல்லி அவையின்ரை சனாதிபதி எலெக்சன் வெண்டவர். வெண்டு அஞ்சு மாசத்திலை அவரே அனுப்பினவர். கப்பலிலை செத்தவையை நினைச்சு அழுததும் உண்மை, வித்ததும் உண்மை. இரண்டும் ஒண்டாக் கிடந்தது. ஒரு நாளிலை ஆரும் சண்டைக்குப் போறேல்லை. கொஞ்சம் கொஞ்சமாக் காலை வைச்சு வைச்சு, கடைசியிலை எடுக்கேலாத அளவுக்கு உள்ளுக்கை போகுது."

நிருஷன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தான். "நல்ல விளக்கம் ரீச்சர். உதை எத்தினை பொயின்ற் ஆக்கலாம்?"

ரீச்சர் எழும்பி வந்துவிட்டார்.

மறுசோதினைக்கு ஒரே கேள்வி. "கப்பல் மூழ்கியதற்கும் போரில் இறங்கியதற்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கா என்ன செய்தது? சொந்த வசனத்தில் எழுதுக. நோட்டில் உள்ள வசனத்துக்குப் பூச்சியம்." பதினொரு பேர் வெறுந்தாள் தந்தார்கள். பெரும்பாலானோர் அதே ஐந்து காரணத்தையும் ஒழுங்கு மாற்றி எழுதினார்கள். ஒருவன் "அமெரிக்கா யோசித்தது" என்று இரண்டே சொல் எழுதியிருந்தான். அது அவனுடைய சொந்த வசனம் என்பதால் ரீச்சர் ஒரு புள்ளி கொடுத்தார்.

கஜானியின் தாள் மட்டும் இரண்டு பக்கம் போயிருந்தது. அவள் பின் வாங்கில் இருப்பவள். கேட்டால் ஒழிய வாய் திறக்காதவள்.

"எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வீட்டுப் பாதை யாருடையது என்ற பிரச்சினை உண்டு" என்று தொடங்கியிருந்தாள். "கனடாவில் இருக்கும் குகதாசன் பெரியப்பா முதலில், இரண்டு பேரும் என் சகோதரங்கள், நான் தலையிட மாட்டேன் என்றார். ஆனால் அப்பா கேட்டபோது மதில் கட்டக் காசு அனுப்பினார். அது உதவிதான், சண்டை இல்லை என்றார். பிறகு வழக்குக்கும் அனுப்பினார். சித்தப்பா பெரியப்பாவைப் பற்றிச் சொன்ன ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றி அவருக்கே போய்ச் சேர்ந்தது. சித்தப்பா மதிலை இடித்ததும், அது என்னுடைய மதில் என்று பெரியப்பா டிக்கெட் போட்டு வந்துவிட்டார். மூன்று கிழமை லீவில் வந்தவர் இப்போது இரண்டு மாதமாக நிற்கிறார். வழக்கு முடியவில்லை. இப்போது போனால் தோற்றுப்போய் ஓடியதாகிவிடும் என்கிறார். எங்கள் அப்பா சமாதானமாகப் போக விரும்பினாலும் பெரியப்பா விடமாட்டார். அமெரிக்காவும் அந்த இரண்டு வருடத்தில் காசு அனுப்பிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்."

ரீச்சர் அதை மூன்று தரம் வாசித்தார். பத்துக்குப் பத்துப் போட்டார். அத்தோடு நின்றிருந்தால் நல்லது. சந்தோசத்தில் அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசித்துவிட்டார். கஜானியின் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை. சித்தப்பாவின் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள் என்பதும் அவர் நினைவில் இல்லை.

மறுநாள் காலை மணி அடிக்க முன்னமே கஜானியின் தாய் சிவகௌரி அலுவலக வாசலில் நின்றார்.

"ரீச்சர், எங்கடை வீட்டுப் பிரச்சினை உங்களுக்கு வரலாறோ?"

"அம்மா, பிள்ளை கெட்டிக்காரத்தனமா எழுதியிருக்கிறாள்..."

"பெரியத்தான் வேலையையும் விட்டிட்டு எங்களுக்காக வந்து நிக்கிறார். அவரை அமெரிக்கா எண்டு எழுதியிருக்கிறாள், நீங்கள் பத்துக்குப் பத்துப் போட்டிருக்கிறியள்! நேற்று அந்தாள் சாப்பிடேல்லை. 'அப்ப நான் தேவையில்லாமல் வந்து நிக்கிறன் எண்டோ பிள்ளை சொல்லுது?' எண்டு கேக்கிறார். நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

பிழை தன்னுடையது, வாசித்திருக்கக் கூடாது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சிவகௌரி மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்.

பின்னேரம் கஜானியின் சித்தப்பா வந்தார். அவர் கோபமாக வரவில்லை. பல்லெல்லாம் தெரிய வந்தார். அவருக்கு அந்தத் தாளின் போட்டோக்கொப்பி வேண்டுமாம்.

"மதிலுக்குக் காசு கனடாவிலை இருந்து வந்ததெண்டு பிள்ளையே எழுதியிருக்காம். எங்கடை வழக்குப் பேசிற அப்புக்காத்து உதைக் கொண்டுவரச் சொன்னவர்."

"தம்பி, அது சோதினைத் தாள். வழக்குக்குக் குடுக்கிறதுக்கில்லை."

"அப்ப நீங்களும் அவையின்ரை பக்கம்தான்."

"நான் ஒருத்தற்றை பக்கமும் இல்லை."

"இல்லையெண்டால் தாங்கோவன்."

கொடுத்தால் ஒரு பக்கம், கொடுக்காவிட்டால் மற்றப் பக்கம். ரீச்சர் தாளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிரவே குகதாசன் தொலைபேசி எடுத்து, தான் ஊருக்கு ஏன் வந்தார் என்பதை ஒரு மணித்தியாலம் விளக்கினார். பாதையின் அகலம், 1974ஆம் ஆண்டுக் காணி உறுதி, தாய் சாகும்போது சொன்ன சொல், எல்லாம் வந்தன. "நான் போயிடுவன் ரீச்சர், எனக்கென்ன? ஆனா இவ்வளவு செலவழிச்சுப்போட்டு இனிப் போனால் நல்லா இருக்குமோ, நீங்களே சொல்லுங்கோ" என்று முடித்தார். அவர் குரல் களைத்துப்போயிருந்தது. ரீச்சருக்கு அந்த மனிதர் மீது கோபம் வரவில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜெயனி இப்போது அக்காவோடுதான் இருக்கிறாள். "அந்தத் தாளைக் கிழிச்சு அடுப்புக்கை போடு அக்கா. உனக்கேன் ஊர்ச் சண்டை?" என்றாள்.

"நான் போகேல்லையடி. அது வந்து நிக்குது."

இரண்டு கிழமை இரண்டு பக்கமும் ஆள் விட்டுத் தாளைக் கேட்டார்கள். கடைசியில் ரீச்சர் கஜானியைக் கூப்பிட்டுத் தாளை அவள் கையிலேயே கொடுத்தார். "வாசிச்சது என்ரை பிழை, பிள்ளை. இது உன்ரை எழுத்து. நீ வைச்சிரு."

"அம்மா கண்டால் எரிச்சுப்போடுவா ரீச்சர்."

"அதுவும் உன்ரை வீட்டு அலுவல்."

கஜானி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். கொஞ்சம் நின்று, "பெரியப்பா அதைக் கேட்டு வாங்கி வாசிச்சாரெண்டால் நல்லா இருக்கும். அவருக்கு ஆரும் இப்பிடிச் சொல்லேல்லை" என்றாள். கொடுத்தாளா இல்லையா என்று ரீச்சர் கேட்கவில்லை. குகதாசன் தை மாதம் வரை நின்று, வழக்கு இன்னொரு தவணைக்குத் தள்ளிப்போக, கனடாவுக்குத் திரும்பினார் என்று கேள்வி. பாதை இன்றைக்கும் யாருடையது என்று முடிவாகவில்லை.

அடுத்த வருட வகுப்புக்கு அதே பாடம் வந்தது. ரீச்சருக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, கேள்வியை விடவில்லை. இந்த முறை ஆறு காரணம் வந்திருந்தன. நிருஷனின் நோட்டு புதிதாக அச்சாகியிருந்தது. 'உடனடியாக' நீக்கப்பட்டிருந்தது. ஆறாவதாக, "இடைப்பட்ட இரண்டு ஆண்டில் நடந்தவை நான்கு" என்று தலைப்பிட்டு, வர்த்தகம், கடன், தேர்தல், ஜேர்மனியின் இரகசியத் தந்தி என்று வரிசை. அதன் கீழே: "உதாரணம்: கனடாவில் வசிக்கும் எனது பெரியப்பா மதில் கட்டுவதற்குப் பணம் அனுப்பினார்."

முப்பத்தெட்டுப் பேருக்கும் கனடாவில் பெரியப்பா. மயிலிட்டியில் வள்ளம் விடும் ஒரே பெரியப்பாவை உடைய பிள்ளைக்கும் கனடாவில் பெரியப்பா.

ரீச்சர் தொலைபேசியை எடுத்தார். "நிருஷன்!"

"ரீச்சர், நீங்கள் சொன்னதைத்தானே சேர்த்தனான்! பிள்ளையளுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. மதில் உதாரணமும் ஆரோ பிள்ளை வகுப்பிலை சொன்னது. பிழை ஏதும் கிடக்கோ?"

பிழை ஒன்றும் இல்லை. அதுதான் ஆத்திரம். திகதி சரி, காரணம் சரி, ஒழுங்கு சரி. முப்பத்தெட்டுப் பேருக்கும் பத்துக்கு ஒன்பது போடவேண்டியிருந்தது. போட்டார். பேனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அதிபர் ஜெயரூபன் பெறுபேற்றைப் பார்த்து, "பாத்தீங்களோ ரீச்சர், மறுசோதினை வைச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்று மகிழ்ந்தார்.

ஆனி மாதம் ஈரானில் அமெரிக்கா குண்டு போட்ட கிழமை, பெற்றோல் இல்லாமல் போகப்போகிறது என்று யாரோ கட்டிவிட்ட கதையில் நெல்லியடிப் பெற்றோல் செட்டுக்கு முன்னால் வரிசை நின்றது. சுகிர்தம் ரீச்சர் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். முன்னால் ஹெல்மெற்றைக் கழற்றாமலே நின்ற ஒரு மனிதர், அமெரிக்கா ஏன் இறங்கியது என்பதை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் என்றார் ஒருவர். இஸ்ரேல் என்றார் இன்னொருவர். பயம் என்றார் மூன்றாமவர். ஒருவருக்கும் சந்தேகமே இல்லை.

மூன்று மோட்டார் சைக்கிள் தள்ளி நிருஷன் நின்றான். ரீச்சரைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்தான்.

"ரீச்சர், பிள்ளையள் கேக்கினம். இந்த முறை ஏன் போனவை?"

ரீச்சர் வாயைத் திறந்தார். எங்கே தொடங்குவது? இந்தச் சண்டைக்கு எத்தனை வருடம் முன்னால் போகவேண்டும்? யார் யாருக்கு என்ன விற்றார், யார் என்ன வாக்குக் கொடுத்தார், எந்த நாளில் முதல் காலை வைத்தார்? நிருஷனின் கை சட்டைப்பைப் பக்கம் போவதைக் கண்டார்.

"பேனையை வையும்" என்றார்.

"இல்லை ரீச்சர், சும்மாதான்..."

"வையும் எண்டு சொல்லுறன். நேற்று நடந்ததுக்கு இண்டைக்கு நோட்டு அடிக்கேலாது. அவைக்கே இன்னும் தெரியாது ஏன் போனவை எண்டு. பிறகுதான் காரணம் தேடுவினம். பிள்ளையளைக் கேள்வியை மட்டும் எழுதிவைக்கச் சொல்லும். விடைக்கு இடம் விடச் சொல்லும்."

"வெறுமையாவோ?"

"வெறுமையா."

நிருஷன் அவரைப் பார்த்தான். விளையாடுகிறாரா என்று பார்ப்பது போலிருந்தது. பிறகு மெல்ல, "வெறுந்தாளுக்கு ஆர் ரீச்சர் காசு தருவினம்?" என்றான். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை.

பின்னாலிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள். முன்னால் இடம் விட்டிருந்தது. "தள்ளுங்கோ ரீச்சர், தள்ளுங்கோ" என்றார் ஹெல்மெற் போட்ட மனிதர். ரீச்சர் ஸ்கூட்டியை இரண்டடி உருட்டி நிறுத்தினார்.